பன்றியை விரட்டக் கோம்பை வாங்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. அதன் ஓரத்தில் நாற்பது சென்டில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) போட்டிருந்தோம். இந்த வருஷம் காட்டுப்பன்னி இறங்கிப் பாதிக்கு மேல் தோண்டிப் போட்டுவிட்டது. கோம்பை நாய் இரண்டு இருந்தால் பன்னி எட்டிக்கூடப் பார்க்காது என்கிறார்கள். கம்பத்துக்காரர் ஒருவர் 35 நாள் குட்டிகள், ஒரே ஈற்றில் ஆணும் பெண்ணும், இரண்டும் சேர்த்து 24 ஆயிரம் என்கிறார். காதும் வெட்டியே தருவாராம். வாங்கலாமா? நம்ம ஊர் மழைக்குத் தாங்குமா? என்ன தீனி போட வேண்டும்? வீட்டில் ஐந்து வயதில் மகள் இருக்கிறாள்.

பதில்: கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிழங்கு போன எரிச்சல் வரிக்கு வரி தெரிகிறது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வருகிறேன். கோம்பை வாங்குங்கள், அருமையான நாய். ஆனால் பன்றிக்காக வாங்காதீர்கள். இரண்டு வேண்டாம், ஒன்று போதும். 35 நாள் குட்டி வேண்டவே வேண்டாம். காதில் கத்தி படக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ரப்பரில் பால் வெட்டுவது யார்? நீங்களேயா, ஆளா? ஆள் என்றால் அவர் எத்தனை மணிக்கு வருகிறார்? நம் பக்கத்தில் மூன்று, நான்கு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, மரத்துக்கு மரம் தாவித் தாவிப் போவார்கள். இருட்டில் நகரும் வெளிச்சம், கையில் கத்தி, அவசர நடை. காவலுக்கென்றே பிறந்த நாயின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பன்றி மாதத்துக்கு இரண்டு முறை வரலாம். வெட்டுகாரர் மழையில்லாத நாளெல்லாம் வருவார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த தோட்டத்து நாய்க்கடிகளில் பாதி, கள்ளனைக் கடித்ததல்ல. வேலைக்கு வந்தவரைக் கடித்தது.

சரி, நாயைப் பற்றிப் பேசுவோம். கோம்பை என்பது தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் ஊர். அந்தப் பாளையத்து ஜமீனில் காவலுக்கும் வேட்டைக்கும் வைத்திருந்த நாய் என்பதால் ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயராகிவிட்டது. செவலை உடம்பு, கரி பூசியதுபோல் கறுத்த மூஞ்சி, அகன்ற மண்டை, கடித்தால் எளிதில் விடாத தாடை, மேலே வளைந்த வால். கரடியையும் பன்றியையும் மறித்து நிறுத்திய நாய் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்குக் கலப்பில்லாத கோம்பையைப் பார்ப்பது அரிது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபியல் வளப் பணியகம் நாய் இனங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியபோதும் முதல் வரிசையில் வந்தவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பட்டியலிட்டபோது கோம்பை பெயரும் வந்தது. அதன்பிறகு குட்டி கேட்டு அலைகிறவர்களும் கூடிவிட்டார்கள், செவலை நிறத்தில் இருக்கும் தெருக்குட்டியைக் கோம்பை என்று விற்கிறவர்களும் கூடிவிட்டார்கள்.

உங்கள் இடத்துக்குக் கோம்பை பொருந்தும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் வெளியின் நாய்கள். கண்ணால் தூரத்து முயலைப் பார்த்து, காற்றாய்ப் பறந்து பிடிக்கிற வகை. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, காற்றாலை நிற்கிற பொட்டலில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. ரப்பருக்குள் பத்தடிக்கு ஒரு மரம், நடுவில் பள்ளம், தோடு என்கிற சிற்றோடை. அந்த ஓட்டம் அங்கே காலை ஒடித்துக்கொள்ளத்தான் உதவும். ராஜபாளையம் வெள்ளை நாய், இளஞ்சிவப்பு மூக்கு, அழகுக்கு அழகு. ஆனால் அந்த வெள்ளையோடு கூடவே சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வருகிறது. கோம்பை மலையடியிலேயே உருவான நாய். ஓட்டத்தைவிட மூக்கையும் காதையும் நம்பி வாழ்கிறது, வாசலை விட்டு அதிகம் நகராது.

இப்போது பன்றிக்கு வருவோம். அரசுக் கால்நடை மருத்துவராகப் பேச்சிப்பாறைப் பக்கம் இருந்த காலத்தில் ஒரு நாள் காலையில் ஆட்டோவில், உரச்சாக்கில் பொதிந்து ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். கோம்பைக் கலப்பு, மூன்று வயது இருக்கும். வலது விலாவுக்குக் கீழே நாலு விரல் நீளத்தில் ஒரு கீறல், பிளேடு போட்டதுபோல் சுத்தமாக. ரத்தம்கூட அதிகமில்லை. “ஒண்ணுமில்ல சாரே, தோல்தான் கீறியிருக்கு” என்றார் கொண்டுவந்தவர். கையுறை போட்டு விரலை உள்ளே விட்டால், தோலுக்கு அடியில் சதை ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று கிடக்கிறது. உள்ளே செம்மண்ணும், நொறுங்கிய ரப்பர் சருகும். பன்றியின் கொம்புப்பல் அப்படித்தான் வேலை செய்யும்: வெளியே சின்ன வாசல், உள்ளே பெரிய அறை. கழுவி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று அடுக்காகத் தைத்தேன், பத்து நாள் ஊசி. பிழைத்துக்கொண்டது. தையல் பிரிக்கக் கொண்டுவந்த அன்று உடைமைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “இனி எப்ப காட்டுல இறக்கலாம் சாரே?” நாய் என் மேஜைமேல் நின்று அவரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தொடும். கோம்பை இருபது, இருபத்தைந்து கிலோ. அந்தக் காலத்து வேட்டைக்குப் போனவர்கள் நாயை மட்டும் அனுப்பவில்லை. ஏழெட்டு நாய்களும், ஈட்டியோடு ஆட்களும் கூடவே போனார்கள். அதிலும் எத்தனை நாய் திரும்பி வரவில்லை என்பதைக் கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை. உங்கள் நாய் தனியாக, இருட்டில், குட்டிகளோடு வந்த தாய்ப் பன்றியிடம் மாட்டினால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. துரத்துவது, கண்ணி வைப்பது, ஓட்டிக்கொண்டு போவது எல்லாம் அதில் அடங்கும். உங்களுக்கு மேலே இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், 2008-இல் அறிவிக்கப்பட்டது, நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். வேலி தாண்டி உங்கள் நாய் மிளா மானையோ முள்ளம்பன்றியையோ துரத்திக்கொண்டு அதற்குள் போனால் பதில் சொல்ல வேண்டியது நாய் அல்ல. இன்னொன்று, பன்றிக்கென்று எவராவது மாவுக்குள் அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடி வைத்திருந்தால் அதை முதலில் மோந்து கடிப்பது நாய்தான். தாடை சிதறி வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். தைக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

அப்படியானால் நாயால் பன்றிக்கு என்ன பிரயோஜனம்? குரல். வேலிக்கு உள்ளே, வீட்டுப் பக்கம் கட்டியோ கூண்டிலோ இருந்துகொண்டு சரியான நேரத்தில் குரைத்தால் போதும். மனித வாடையும் நாய்க் குரலும் சேர்ந்து இருக்கும் பக்கம் பன்றி தயங்கும். நீங்கள் எழுந்து டார்ச் அடிக்க அவகாசம் கிடைக்கும். கிழங்கைக் காப்பது வேலியின் வேலை. சோலார் வேலி போடுவதென்றால் காட்டோரம் என்பதால் குலசேகரம் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்; தோண்டிப்போட்டதைப் போட்டோ எடுத்து இழப்பீட்டுக்கும் அங்கேயே எழுதிக்கொடுங்கள். வீட்டு கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அதில் முதலில் சாவது பன்றியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இனி அந்தக் கம்பத்துக்காரர் சொல்லும் குட்டிகள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கடி வாங்கிக் கடி கொடுத்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று படிக்கிறது. அந்தப் படிப்பு இல்லாமல் வந்த குட்டி, விளையாட்டிலேயே உங்கள் மகள் கையைக் கிழிக்கும். வலுவான தாடை உள்ள இனத்தில் இது சின்ன விஷயமல்ல. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பு சக்தி குறையத் தொடங்கும் வயதும் அதுதான். அந்த நேரத்தில் பஸ்ஸில் அட்டைப் பெட்டிக்குள் அடைபட்டு வருகிற குட்டிக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் மூன்று நாளில் முடிந்துவிடும்.

ஒரே ஈற்றில் ஆணும் பெண்ணும் எதற்காகச் சேர்த்துத் தருகிறார்கள் என்று தெரியுமா? “நாளைக்கு நீங்களும் குட்டி போட்டு விற்கலாம்” என்று ஆசை காட்டத்தான். அண்ணனையும் தங்கையையும் சேர்த்துத்தான் இந்த அரிய இனத்தைப் பாதி கெடுத்தோம். எண்ணிக்கை குறைந்த இனத்தில் ரத்த உறவுக்குள்ளேயே சேர்த்தால் பலவீனங்கள்தான் மேலே வரும். அதோடு, ஒன்றாக வளர்ந்த இரண்டு குட்டிகள் ஒன்றையொன்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும், உங்களைப் பார்க்காது. ஒரு குட்டி போதும். பெண் குட்டி என்றால் இன்னும் நல்லது. ஊர் சுற்றுவது குறைவு. இனவிருத்திக்கு வைக்கப் போவதில்லை என்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

சுத்தமான கோம்பையா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். போட்டோவைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். நேரில் போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் தந்தையையும். தாய் நாயைப் பார்க்கவிடாத இடத்தில் காசு எடுக்காதீர்கள். மூக்கும் உதடும் கண்ணிமையும் கறுப்பாக இருக்கிறதா, தாயின் முகத்தில் அந்தக் கரி படிந்திருக்கிறதா, மண்டை அகலம் எப்படி என்று பாருங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் உள்ளே நுழையும்போது தாய் என்ன செய்கிறது என்பது. குரைத்து நின்று, வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்கினால் நல்ல தாய். பயந்து கட்டிலுக்கு அடியில் பதுங்கி, நீங்கள் திரும்பியதும் பின்னங்காலைக் கவ்வ வந்தால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பயத்தில் கடிக்கிற குணம் குட்டிக்கும் இறங்கும். காது விஷயம்: வேட்டையில் கிழிபடாமலிருக்க வெட்டினார்கள் என்று காரணம் சொல்வார்கள். உங்கள் நாய் வேட்டைக்குப் போகப் போவதில்லை. மரத்துப்போகச் செய்யாமல் கத்தியால் காதை அறுப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கும் ஒத்துவராது. தவிர, ஒரு நாய் என்ன நினைக்கிறது என்று நாம் படிப்பதே காதில்தான்.

வெட்டுகாரருக்குத் திரும்பி வருகிறேன். கோம்பை ஒரு வீட்டு நாய் என்பதைவிட ஓர் ஆளின் நாய் என்று சொல்ல வேண்டும். யார் சோறு போட்டு, யார் கூட நடந்து, யார் அதட்டுகிறாரோ அவரைத்தான் எஜமான் என்று எடுத்துக்கொள்ளும். மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்தப் பொறுமையின் அளவு பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தீர்மானமாகிவிடும். அந்த வயதில் பழகியதெல்லாம் அதற்கு ஊர், பழகாததெல்லாம் அன்னியம். அதனால் குட்டி வந்த முதல் வாரத்திலேயே வெட்டுகாரரை வீட்டுக்கு அழைத்து, அவர் கையால் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் தலையில் லைட்டோடு. அப்புறம் கத்தியும் வாளியுமாக. பால் எடுக்க வருகிறவர், மீன்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாரும் அதன் கண்ணில் பட வேண்டும். குட்டியை விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ஒரு மூலையில் கட்டிப்போட்டு, “காட்டமா வளரட்டும்” என்று யாரையும் பார்க்கவிடாமல் வளர்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அப்படி வளர்வது காவல் நாய் அல்ல. கயிறு அறுகிற அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ தேட வேண்டிவரும்.

மகளும் குட்டியும் தனியாக இருக்க வேண்டாம், கொஞ்ச நேரம்கூட. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சோற்றுச் சட்டியில் அவள் கையால் மீன் துண்டு போடட்டும். தன் சட்டிப் பக்கம் வருகிற கை எடுப்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு என்று குட்டி புரிந்துகொள்ளும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் வருஷா வருஷம். ஊசி போட்ட சொந்த நாயாகவே இருந்தாலும், பல் பட்டால் கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மழை. கோம்பை குட்டை மயிர் நாய், நனைந்தால் சீக்கிரம் உலரும், அதனால் மழையே பெரிய பிரச்சினை இல்லை. நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் தரை காய்வதே இல்லை, அதுதான் பிரச்சினை. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, பலகை போட்ட படுக்கை வேண்டும். உண்ணியை வாரம் ஒருமுறை காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். சோறு குறைந்து, ஈறு வெளுத்து, மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனால் அது உண்ணிக்காய்ச்சல். நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாத நோய். மாட்டுக்கு வாங்கிய உண்ணி ஊசியில் மிச்சத்தை நாய்க்குக் கண்ணளவில் போடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. குட்டிக்கு அந்த அளவு கொஞ்சம் தப்பினாலே நரம்பைத் தாக்கும். எலிக்காய்ச்சல் நமக்கும் வரும், நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். கூட்டுத் தடுப்பூசி போடும்போது எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்ததா என்று கேட்டுப் போடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை.

ரப்பர் வீட்டுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. பால்புரைக்குள், அதாவது ஷீட் அடிக்கிற கொட்டகைக்குள், குட்டி போகக்கூடாது. பால் உறைய ஊற்றுகிற ஆசிட் நாக்கையும் தொண்டையையும் வேகவைத்துவிடும். சிரட்டையில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக் குட்டிகளுக்கு மிகவும் பிடிக்கும், சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கும். ஒரு குட்டி நான்கு நாளாக வாந்தி எடுக்கிறது என்று கொண்டுவந்தார்கள். வயிற்றைத் திறந்தால் எலுமிச்சம்பழ அளவில் ரப்பர் உருண்டை.

தீனிக்குப் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. கோம்பை கூழும் மிச்சமும் தின்று வளர்ந்த இனம், விலை கூடிய பாக்கெட் தீனி கட்டாயமில்லை. சோறு அல்லது கேழ்வரகு, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முட்டையோ, முள் எடுத்த மீனோ, வேகவைத்த கோழியோ. குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. வெறும் பால்சோறு மட்டும் போட்டு முன்னங்கால் வில்லாய் வளைந்த குட்டிகள் எங்களிடம் நிறைய வரும். கால்சியம் மருந்தை மட்டும் நீங்களாக ஊற்றாதீர்கள், அளவு மிஞ்சினாலும் கேடுதான். வேகவைத்து நீர் வடித்த மரச்சீனி கொஞ்சம் கொடுக்கலாம். பச்சைக் கிழங்கும் தோலும் விஷம். அதைத் தின்று செத்த ஆடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம்.

35 நாள் குட்டி எட்டு வாரம் ஆக இன்னும் சரியாக மூன்று வாரம் இருக்கிறது. வைத்திருந்து தருவாரா, ஒரு குட்டி மட்டும் தருவாரா, காதைத் தொடாமல் தருவாரா என்று அவரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் சரி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்கு பஸ் ஏறித் தாயைப் பாருங்கள். மாட்டேன் என்றால் ஆள் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். வேறு இடம் தேடலாம். அதுவரை பால்புரைக்கு ஒரு கதவு வையுங்கள், வேலியில் கீழ்வரிக் கம்பியைச் சரிசெய்யுங்கள், வெட்டுகாரரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அவருக்கு நாய் என்றாலே பயம் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி யோசிப்போம்.